நீரில் நிழல் விழாமல்

நற்செய்தி நூல்களில் மீன்பிடித்தலைப் பற்றி வரும் இடங்களை எண்ணிப் பார்த்தால், அவை ஏறத்தாழ எல்லாமே வலையைப் பற்றியவை. இன்று நாம் பேதுரு என்று அழைக்கும் புனித இராயப்பர், இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படாத நிலையில், ஆண்டவரின் சொல்லை நம்பி மீண்டும் இறக்கியது வலையை. உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் தோன்றிய அந்த வைகறையில், 153 பெரிய மீன்களோடு கரைக்கு இழுக்கப்பட்டதும் வலையே. விண்ணரசும் கடலில் வீசப்பட்ட வலைக்கு ஒப்பிடப்படுகிறது. தூண்டிலோ நான்கு நற்செய்திகளிலும் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது. மத்தேயு நற்செய்தி 17ஆம் அதிகாரத்தின் இறுதியில், கோவில் வரி கேட்டவர்களுக்கு இடறலாக இராதபடி, கடலுக்குச் சென்று தூண்டில் போடுமாறு ஆண்டவர் இராயப்பரைப் பணிக்கிறார். முதலில் அகப்படும் மீனின் வாயில் இருவருக்குமான வரிப்பணம் இருக்கும் என்கிறார்.

வலை கூட்டத்துக்கு உரியது. தூண்டில் ஒற்றை மீனுக்கு உரியது. வலை வீசுபவன் எந்த மீன் வரும் என்று கேட்பதில்லை. தூண்டில் போடுபவனோ அந்த ஒன்றின் இயல்பை அறிந்தாக வேண்டும். அது எங்கே ஒதுங்கும், எதற்கு அஞ்சும், எப்போது பசிக்கும் என்பதையெல்லாம் காத்திருந்து கற்றாக வேண்டும். இந்த வேறுபாட்டை நான் எந்த நூலிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எழுத்தறியாத ஒரு முதியவரிடமும், அவருடைய பேரனிடமும், ஜவ்வாது மலையின் ஓர் ஓடைக்கரையில் கற்றுக்கொண்டேன். அதற்கு நான் கொடுத்த விலை ஒரு குழந்தையின் உள்ளங்கையில் விழுந்த மூன்று பிரம்படிகள்.

1978ஆம் ஆண்டு சூன் மாதம் நான் ஆசிரியனாக அம்மலைக்குச் சென்றேன். அன்று அது வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. செய்யாறு பிறப்பது இம்மலையில்தான். மலையின் ஒரு பக்கம் காவலூரில், விண்மீன்களை ஆராயும் வானாய்வகம் அப்போதே இயங்கி வந்தது. ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1972 முதல் அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. மற்றப் பக்கங்களில் இரவானால் இருட்டும், சாமைக் கொல்லைகளும், தொலைவில் எரியும் ஒன்றிரண்டு அடுப்புகளுமே. அங்கு வாழும் பழங்குடியினரை மலையாளிகள் என்பார்கள். கேரள நாட்டாருக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள் என்பதே பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. சாமையும் தினையும் விளைவித்து, தேனும் புளியும் சேகரித்து வாழும் மக்கள் அவர்கள்.

நானோ சமவெளியில், ஏரிக்கரை ஊரொன்றில் பிறந்தவன். எங்கள் ஊரில் மீன்பிடிப்பது என்றால் கோடையில் ஏரி வற்றும்போது ஊரே இறங்கிக் கலக்குவதுதான். கூடையும் கச்சாவுமாக நூறு பேர் இறங்கிச் சேற்றைக் கிளப்புவோம்; மூச்சுத் திணறி மேலே வரும் கெண்டையையும் கெளுத்தியையும் வாரிக் கொள்வோம். கூச்சலும் குழப்பமும் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மீன் கிடைக்கும். பள்ளியில் நான் பாடம் நடத்திய முறையும் ஏறத்தாழ அதுவே என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

விடுதியோடு கூடிய சிறிய பள்ளி அது. மலைப் பிள்ளைகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். மறுபடி கேட்டால் கால் கட்டை விரலால் மண்ணைக் கீறுவார்கள். சமவெளிப் பிள்ளைகளின் வாயாட்டத்தில் பழகிய எனக்கு இந்த மௌனம் பிடிவாதமாகத் தோன்றியது. ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான், பன்னிரண்டு வயதிருக்கும். காலாண்டுத் தேர்வு முடிந்த சில நாள்களில், மிக எளிய கணக்கொன்றைக் கேட்டு அவனை எழுப்பினேன். பதில் இல்லை. இரண்டாம் முறை உரத்துக் கேட்டேன். பதில் இல்லை. ஆனால் அவனுடைய சிலேட்டில் விடை சரியாக எழுதப்பட்டிருந்தது. தெரிந்தும் சொல்ல மறுக்கிறான், என்னை மதிக்கவில்லை என்ற எண்ணம் தலைக்கேறியது. கையை நீட்டச் சொன்னேன். மூன்று அடிகள். அவன் அழவில்லை. மறுநாள் விடியுமுன் விடுதியில் அவன் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது, அவன் இல்லை.

எங்கள் பங்குத் தந்தை ஐரோப்பாவிலிருந்து வந்தவர். இந்நாட்டில் முப்பதாண்டுகள் கழித்தவர். அழகிய தமிழ் பேசுவார். நடந்ததைக் கேட்டபின் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “நீங்களே போய்ப் பாருங்கள். தனியாகப் போங்கள். பிரம்பையும் கொண்டு போக வேண்டாம், பிரசங்கத்தையும் கொண்டு போக வேண்டாம்” என்றார்.

சனிக்கிழமை காலையில் புறப்பட்டேன். ஒற்றையடிப் பாதையில் மூன்று மணி நேர நடை. ஊர் எல்லையில் சாமைக் கொல்லை ஒன்றின் நடுவே பரண் கட்டி, அதன்மேல் அமர்ந்து குருவி ஓட்டிக்கொண்டிருந்தான் அவன். என் வெள்ளைச் சட்டையைக் கண்டதுதான் தாமதம். பரணிலிருந்து குதித்தான், புதர்களுக்குள் மறைந்தான். “தம்பி, நில்” என்று நான் கூவியது மலையில் எதிரொலித்ததே தவிர, வேறு பயன் ஒன்றும் இல்லை.

அவனுடைய தாத்தா என்னை வரவேற்றார். பெற்றோர் இறந்துவிட்டதால் பேரனை வளர்ப்பவர் அவரே. சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் தந்தார். பேரனைப் பற்றி நான் பேச்செடுத்த போதெல்லாம், “சாப்பிடுங்க வாத்தியாரே” என்றார். மாலை வரை காத்திருந்தேன். பையன் வரவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

அடுத்த சனிக்கிழமையும் சென்றேன். முந்திய இரவு மழை பெய்திருந்தது. முதியவர் ஒரு மூங்கில் கோலை எடுத்துக்கொண்டு, “ஓடைக்குப் போறேன். வர்றீங்களா?” என்றார். ஒரு சிறு சுரைக்குடுக்கையில் ஈசல்கள் நிறைந்திருந்தன. மழை விட்டதும் புற்றிலிருந்து கிளம்பியவற்றைப் பேரன் பிடித்து வைத்திருந்தானாம்.

ஓடை பாறைகளுக்கிடையே இறங்கி, ஒரு மடுவில் தேங்கி, மறுபடி சரிந்து ஓடியது. நீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். நான் நேரே மடுவின் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தேன். ஒரு மீன்கூட இல்லை.

“மீன் இல்லையே பெரியவரே?”

“இருந்துச்சு வாத்தியாரே, நீங்க வர்ற வரைக்கும். நீங்க தண்ணியப் பாக்குறீங்க. தண்ணிக்குள்ள இருக்கிறவன் அதுக்கு முன்னாலேயே உங்களைப் பாத்துட்டான்.”

என் நிழல் மடுவின் குறுக்கே முழு நீளத்துக்கும் விழுந்து கிடப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அவர் என்னைக் கீழ்ப்பக்கமாக அழைத்துச் சென்றார். ஓடும் நீரில் மீன் எப்போதும் நீர் வரும் திசையை நோக்கியே நிற்கும். இரை அங்கிருந்துதான் மிதந்து வரும். ஆகையால் பின்புறமாக, அதாவது கீழிருந்து மேலாக அணுக வேண்டும் என்றார். ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார வைத்தார். வெயில் நம் முகத்தில் பட வேண்டும், முதுகில் படக் கூடாது. முதுகில் பட்டால் நிழல் முன்னால் விழும். “பேசலாம், ஆனா மிதிச்சு நடக்கக் கூடாது” என்றும் சொன்னார். இது எனக்கு வியப்பாக இருந்தது. பின்னாளில் நூல்களில் படித்தபோது அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை என்று கண்டேன். காற்றில் எழும் பேச்சொலியில் மிகச் சிறு பங்கே நீருக்குள் புகும். ஆனால் கரையை மிதிக்கும் காலின் அதிர்வு மண் வழியே நீருக்குள் சென்றுவிடும். மீனின் உடலில் இரு பக்கமும் செவுளிலிருந்து வால் வரை ஓடும் உணர்கோடு அந்த அதிர்வை உடனே அறிந்துகொள்ளும். மேலும், நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கித் தெரிகிறது. ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால் அமைவது அது. ஏறத்தாழ 97 பாகை விரிந்த கூம்பு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நிமிர்ந்து நிற்பவன் அந்தச் சாளரத்துக்குள் பெரிதாக வந்து நிற்கிறான். தாழ்ந்து அமர்பவனோ அதன் விளிம்பில் நசுங்கி, ஒரு கல்லைப் போல ஒதுங்கிப் போகிறான். தன்னைத் தாழ்த்துகிறவனை மீன் அஞ்சுவதில்லை!

அவருடைய தூண்டிலில் தக்கை இல்லை. ஈயக் குண்டும் இல்லை. கோலின் நுனியில் கோலளவே நீளமுள்ள தங்கூசி நரம்பு. அதன் முனையில் மிகச் சிறிய முள். முள்ளில் ஓர் ஈசல். அவ்வளவுதான். கோலை மெல்ல அசைத்து, ஈசலை மடுவுக்கு மேலே, நீர் விழும் இடத்தில் இறக்கினார். அது நீர்ப்பரப்பில் விழுந்த ஓசையே கேட்கவில்லை. இறக்கை விரித்தபடி, வேறு எந்த ஈசலும் மிதப்பது போலவே, நீரோடு மிதந்து வந்தது. நரம்பு அதை இழுக்கவில்லை, தடுக்கவுமில்லை. “இழுத்தா போச்சு. தானா விழுந்த ஈசல் எங்கேயாவது தண்ணிக்கு எதிரா போகுமா? அவனுக்குத் தெரியும்” என்றார். முதல் முறை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம், மூன்றாம் முறையும் இல்லை. ஏழெட்டு முறைக்குப் பின், பாறை நிழலிலிருந்து ஒரு வெள்ளி மின்னல் எழுந்தது. நீரில் ஒரு சிறு வளையம். கோல் மெல்ல உயர்ந்தது. கையகலக் கெண்டை ஒன்று துள்ளியது. வயிற்றைத் தடவிப் பார்த்தவர், சினை இருக்கிறது என்று சொல்லி, கையை நனைத்துக்கொண்டு, முள்ளைக் கழற்றி நீரிலேயே விட்டுவிட்டார்.

அவ்வளவு காத்திருந்தது இதற்குத்தானா என்று எனக்குப் பொறுமை எல்லை கடந்தது. அவரோ எழுந்து, “இந்த மடு இனி இன்னைக்கு ஆகாது. பயந்தவங்களுக்குக் கொஞ்ச நேரம் குடுக்கணும்” என்று அடுத்த மடுவுக்கு நடந்தார். நடந்துகொண்டே, திரும்பிப் பாராமல், இரு சனிக்கிழமைகளிலும் முதன்முறையாகப் பேரனைப் பற்றிப் பேசினார்.

“பையன் கையில மூணு கோடு இருந்துச்சு வாத்தியாரே. பச்சிலை அரைச்சுப் போட்டேன். இப்ப ஆறிடுச்சு.”

வேறு ஒன்றும் சொல்லவில்லை. குற்றம் சாட்டும் குரலும் அல்ல அது. நாலு பேர் நடுவில் என்னை நிறுத்தித் திட்டியிருந்தால்கூட நான் ஏதேனும் வாதாடியிருப்பேன். அந்தப் பாதையில் எனக்குச் சொல்ல ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. வகுப்பறையில் அந்தச் சிறுவன் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அப்போது எனக்கு விளங்கியது. அவன் மறுக்கவில்லை, அவனால் இயலவில்லை. நான் மடுவின் விளிம்பில் நின்றது போலவே அவன் முன்னும் நின்றிருக்கிறேன். என் நிழல் அவன்மேல் முழுவதுமாக விழுந்திருக்கிறது.

மூன்றாம் சனிக்கிழமை சென்றபோது, வெள்ளைச் சட்டையை விடுத்து மங்கிய காக்கிச் சட்டை ஒன்றை அணிந்திருந்தேன். ஊருக்குள் போகவில்லை. நேரே ஓடைக்குச் சென்று, முதியவர் காட்டிய பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவர் எனக்கென்று வெட்டித் தந்திருந்த கோலை நீட்டி, எனக்குத் தெரிந்த அளவில் ஈசலை இறக்கினேன். ஒரு மீனும் வரவில்லை. என் இறக்கம் அவ்வளவு முரடு. ஒரு மணி நேரம் கடந்திருக்கும். எதிர்க்கரைப் புதர் அசைந்தது. நான் நிமிரவில்லை. இன்னும் சிறிது நேரத்தில் அவன் எதிர்க்கரைப் பாறையில் குந்தியிருந்தான். என்னைப் பார்க்கவில்லை, என் ஈசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் ஈசலையே பார்த்தேன். பிறகு அவன் ஓடையைத் தாண்டி வந்தான். ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்த கோலை வாங்கி, நரம்பின் முடிச்சைப் பல்லால் இறுக்கி, முள்ளில் வேறொரு ஈசலைக் கோத்து, எப்படி இறக்க வேண்டும் என்று செய்து காட்டினான். அன்று நான் மாணவன், அவன் ஆசிரியன். என்னைவிடப் பொறுமையான ஆசிரியன்.

“உன்னை அடித்தது என் தவறு, தம்பி” என்றேன், நீரைப் பார்த்தபடியே.

அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் ஓடிப் போகவும் இல்லை. சிறிது நேரம் கழித்து, “சார், அங்க பாருங்க” என்றான், மடுவில் நின்ற மீனைக் காட்டி. அதுவே என் காதில் விழுந்த அவனுடைய முதற்பேச்சு.

அன்றே அழைத்துச் சென்றுவிட வேண்டும் என்று எனக்கு ஆவல். முதியவர் இசையவில்லை. “சாமை அறுப்பு முடியட்டும். தானா வருவான்” என்றார். இழுத்தால் போயிற்று என்று அவர் ஓடையில் சொன்னது நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன். கிறிஸ்து பிறப்புத் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில், விடுதி வாசலில் பாயும் கையுமாக அவன் நின்றான்.

இந்த வரலாற்றைப் பங்குத் தந்தையிடம் சொன்னபோது, அவருடைய முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒரு மலர்ச்சி தோன்றியது. உள்ளே சென்று, துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதனுள் பஞ்சுமேல் இருபதுக்கு மேற்பட்ட பூச்சிகள் இருந்தன. உற்றுப் பார்த்தேன், பூச்சிகள் அல்ல. சிறு முட்களின்மேல் பட்டு நூலும் பறவையின் இறகும் சுற்றிக் கட்டிய பொய்ப் பூச்சிகள். இத்தாலியின் வடமேற்கில், மோந்தே ரோசா என்னும் பனிமலையிலிருந்து இறங்கும் சேசியா என்னும் ஆறு இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர் அவர். அங்கே டிரவுட் என்னும் மீனை இப்படித்தான் பிடிப்பார்களாம். நீண்ட கோல், குதிரை வால் மயிரைத் திரித்த கயிறு, அதன் முனையில் இந்தப் பொய்ப் பூச்சிகள். சுற்றுருளை கிடையாது, ஈயமும் கிடையாது. “என் பாட்டனார் என்னை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்ற முதல் நாள், நாள் முழுவதும் தூண்டிலைத் தொட விடவில்லை. உட்காரவும் நடக்கவும் மட்டுமே கற்பித்தார்” என்று சொல்லிச் சிரித்தார்.

டிரவுட்டைப் போல அச்சமுள்ள மீன் அரிது என்று அவர் விளக்கினார். தெளிந்த, குளிர்ந்த, விரைந்தோடும் நீரில் வாழ்வது. பறவையின் நிழல் பட்டாலும் பாறைக்கடியில் பாய்ந்துவிடும். அந்த வாரத்தில் அந்த ஆற்றில் எந்தப் பூச்சி பறக்கிறதோ அதன் நிறத்திலும் அளவிலும் இருந்தால்தான் வாய் திறக்கும். வலிமை அங்கே பயன்படாது. “நம் மலை ஓடையில் டிரவுட் வளராதா, சுவாமி?” என்று கேட்டேன். வளராது. 20 பாகை செல்சியசுக்கு மேல் நீர் சூடேறினால் அது துன்புறும். 25ஐ நெருங்கினால் பிழைப்பது அரிது. நீர் குளிர்ந்திருந்தால்தான் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு அதற்குப் போதுமானதாக இருக்கும். ஜவ்வாது மலைக் கோடை அதற்கு ஆகாது. “ஆனால் உங்கள் பெரியவரும் என் பாட்டனாரும் சந்தித்திருந்தால், மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்கமாட்டார்” என்றார்.

பல ஆண்டுகளுக்குப் பின் நீலகிரியில் அந்த மீனை நேரில் கண்டேன். உதகைக்கு அருகே, அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. இந்தியாவுக்கு இயல்பாக உரியதல்ல இம்மீன். 1860களிலேயே, மீனியல் அறிஞரான மருத்துவர் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு இதைக் கொண்டுவர முயன்றார், கைகூடவில்லை. காசுமீரத்திலும் 1899இல் வந்த முட்டைகள் வழியிலேயே கெட்டுப்போயின. 1900இல் வந்தவையே பிழைத்தன. நீலகிரியில் எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வெற்றி கிட்டியது. மேலை அமெரிக்க ஆறுகளுக்கு உரிய வானவில் டிரவுட் இங்கே நிலைகொண்டது. எத்தனை தோல்விகள், எத்தனை ஆண்டுக் காத்திருப்பு! பின்னாளில் அறிஞர்கள் வேறொன்றையும் சுட்டிக் காட்டினர்: வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்படும் மீன், உள்நாட்டுச் சிறு மீன்களுக்கு இடையூறாகவும் அமையக்கூடும். நன்மை என்று எண்ணி நாம் கொண்டு சேர்ப்பதற்கும் ஓர் அளவு வேண்டும் என்பதை மலைப்பள்ளி ஆசிரியனுக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அங்கே தொட்டிகளில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. மீன்கள் எல்லாம் நீர் வரும் பக்கம் முகம் வைத்து வரிசையாக நின்றன. பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு. நான் விளிம்புக்குச் சென்றதும் என் நிழல் பட்டு அவை சிதறின. என்னையறியாமல் இரண்டடி பின்வாங்கிக் குந்தினேன். உடன் வந்தவர்கள் வயிற்று வலியோ என்று கேட்டார்கள்.

அந்தச் சிறுவன் பத்தாம் வகுப்பு வரை படித்தான். இன்று அவனுடைய பிள்ளைகளும் படித்துப் பணியில் இருக்கிறார்கள். இதோடு முடித்துவிட்டால் இக்கட்டுரை இனிமையாக இருக்கும்; ஆனால் உண்மையாக இராது. அவனுக்கு முன்னும் அந்தப் பள்ளியிலிருந்து சில பிள்ளைகள் ஓடிப் போனார்கள். “படிப்பு ஏறாதவர்கள்” என்று நான் வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயரை அடித்துவிட்டேன். அவர்களைத் தேடி நான் மூன்று மணி நேரம் நடக்கவில்லை. ஓர் ஓடைக்கரையிலும் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. அவர்களுடைய முகங்கள் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புப் பெற்ற பின்னும் நினைவிருக்கின்றன.

கற்ற பாடத்தைச் சொந்த வீட்டில் நான் எளிதில் கடைப்பிடித்தேன் என்றும் சொல்லமாட்டேன். என் மூத்த மகன் பதினேழு வயதில் தேர்வு ஒன்றில் தவறி, ஒரு மாதம் என்னோடு பேசாதிருந்தான். நான் அவன் அறைக் கதவைத் தட்டுவேன், அறிவுரை சொல்வேன், கதவு இன்னும் இறுக மூடும். ஒரு மாலையில் அவனுடைய தாய், “வெளியே திண்ணையில் உட்காருங்கள், போதும்” என்றாள். ஒரு முறம் வேர்க்கடலையை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினேன். மூன்று மாலைகள் உரித்தேன். நான்காம் மாலை அவன் வந்து முறத்தின் மறுபக்கம் உட்கார்ந்தான். தேர்வைப் பற்றி நாங்கள் அன்று பேசவே இல்லை. கடலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினோம். தேர்வைப் பற்றி அவனே பின்னொரு நாள் பேசினான்.

அன்பு வாசகர்களே! நம் குடும்பங்களில் மூடிய கதவுகள் எத்தனை! பேச மறுக்கும் மகன், கண்ணில் நீரோடு முகம் திருப்பும் மகள், பல ஆண்டுகளாகக் கோவில் பக்கம் வராத உடன்பிறந்தவர். நாம் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிறோம், உரத்துக் கூவுகிறோம், உள்ளே யாருமே இல்லை, நெஞ்சில் ஈரமே இல்லை என்று முடிவு கட்டுகிறோம். இருக்கிறார்கள், நம் நிழலுக்கு அஞ்சிப் பாறைக்கடியில் இருக்கிறார்கள். இதில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மனிதர் பிடிக்கப்பட வேண்டிய மீன்கள் அல்லர்; அன்பு ஒரு தந்திரமும் அன்று. இராயப்பரிடம் இனி நீ மனிதரைப் பிடிப்பாய் என்று ஆண்டவர் சொல்லும் இடத்தில், லூக்கா கையாளும் கிரேக்கச் சொல்லுக்கு உயிரோடு பிடித்தல் என்று பொருள் கூறுகிறார்கள் அறிஞர்கள். கொல்வதற்காக அன்று, வாழ்விப்பதற்காக. கையை நனைத்துக்கொண்டு மீனை நீரில் விட்ட முதியவரை அச்சொல்லைக் கேட்கும் போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

தொடக்கத்தில் சொன்ன திபேரியாக் கரைக்கே மறுபடி வருவோம். அன்று படகில் இருந்த இராயப்பர் எப்படிப்பட்டவர்? மும்முறை மறுதலித்தவர், குற்ற உணர்வால் தன்னைத் தானே அஞ்சியவர். ஆண்டவர் நீரின்மேல் நடந்து அவரருகே சென்றிருக்கலாம், முன்பு நடந்தவர்தானே! செல்லவில்லை. ஏறத்தாழ இருநூறு முழத்துக்கு அப்பால், கரையில், இன்னார் என்று அடையாளம் தெரியாதபடி நின்றார். கரிநெருப்பு மூட்டினார், அதன்மேல் மீன் வைத்தார், அப்பமும் இருந்தது. தலைமைக் குருவின் முற்றத்தில் இராயப்பர் குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்ததும் கரிநெருப்பு அருகில்தான் என்று அதே அருளப்பர் எழுதியிருக்கிறார். ஆனால் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. முதலில் உண்ண அழைத்தார். உண்ட பிறகே, அன்பு செய்கிறாயா என்று கேட்டார். அதையும் மும்முறை, பொறுமையாக.

படகிலிருந்து நீரில் குதித்துக் கரைக்கு வந்தது யார்? இராயப்பரே. ஆண்டவர் அவரை இழுக்கவில்லை. அவரே வந்தார்.

அந்த முதியவர் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. இன்று அந்த ஊருக்குச் சாலை இருக்கிறது. சென்ற ஆண்டு நான் சென்றிருந்தபோது, என் பழைய மாணவன், இப்போது தலை நரைத்த பாட்டன், என்னை ஓடைக்கரைக்கு அழைத்துச் சென்றான். முழங்கால் வலியால் என்னால் பாறைக்குப் பின்னால் குந்த முடியவில்லை. அவன் என் தோளைத் தொட்டு, சற்றே பின்னுக்கு நகர்த்தி, “இங்க நில்லுங்க சார். நிழல் விழாது” என்றான்.